மணிக்குள் ஒரு குமிழி

கோலிக்குண்டை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? சிலவற்றுக்குள் குட்டியாக ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அது வேடிக்கை. தொல்லியல் ஆய்வாளருக்கோ, அது துப்பு!

பழங்காலக் கண்ணாடி மணி ஒன்று கிடைத்தால், உருப்பெருக்கியை வைத்து அவர்கள் இந்தக் குமிழியைத் தேடுவார்கள். குமிழிகள் மணியின் துளையை ஒட்டி நீளவாக்கில் ஓடினால், உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிய மணி அது. துளையைச் சுற்றி வளைந்து போனால், கம்பியில் நூல் சுற்றுவதுபோல் கண்ணாடியைச் சுற்றிச் செய்தது.

மணித் தொழில் நம் பழனி மலை அடிவாரத்துக்குப் புதிதில்லை. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். 2009-இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. கூடவே, கண்ணாடி உருக்கிய உலையும்! சங்க காலத்திலேயே இந்த அடிவாரத்தில் மணி செய்யும் பட்டறை இருந்திருக்கிறது.

உங்கள் தோட்டத்திலும் மழைக்குப் பிறகு பழைய மணி ஏதாவது தென்பட்டால், இடத்தைக் குறித்து வைத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரிந்தால்தான் அதன் வரலாற்றைச் சொல்ல முடியும்.