நாலு சர்வர், ஒண்ணு மட்டும் திணறுது: ஏன்?

இன்னிக்கு எபிசோட்ல, வெப் சர்வர் பக்கம் வேலை பார்க்கிற யாரும் ஒரு நாள் சந்திக்கிற பிரச்சினை ஒண்ணைப் பேசப் போறோம். லோட் பேலன்சர் போட்டாச்சு. பின்னாடி நாலு சர்வர். ஒண்ணு 90 சதவீத சிபியூவில் மூச்சு வாங்குது. மத்த மூணும் 20-ல சும்மா நிக்குது. லோட் பேலன்சர் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. நாம கொடுத்த விதியைத்தான் அது அப்படியே செஞ்சுக்கிட்டு இருக்கு. அந்த விதி என்னன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை.

முதல்ல எதை எண்ணுறீங்க?

சிபியூ கிராஃபை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க. ஒவ்வொரு சர்வருக்கும் நிமிஷத்துக்கு எத்தனை ரிக்வெஸ்ட் போகுதுன்னு தனியா எண்ணுங்க. நாலுக்கும் ஒரே எண்ணிக்கை போயும் ஒண்ணு மட்டும் சூடானா, பங்கீட்டுல தப்பில்லை. ரவுண்ட் ராபின் முறை ரிக்வெஸ்ட்டை எண்ணும், அதோட கனத்தை எடை போடாது. லோகோ படம் கேட்பதும் ஒண்ணு, ஐம்பது பக்க பிடிஎஃப் தயாரிக்கச் சொல்வதும் ஒண்ணு. இந்த இடத்துல லீஸ்ட் கனெக்‌ஷன் முறைக்கு மாறினா ஓரளவு சரியாகும். எண்ணிக்கையே சமமா இல்லைன்னாதான் அடுத்த கட்டம்.

ஒரே வண்டியில வந்தவங்க

திருவாலங்காடு ரத்தின சபையில ஆருத்ரா தரிசனம்னு வச்சுக்கோங்க. பிரசாதத்துக்கு நாலு கவுன்டர். "ஒரே வண்டியில வந்தவங்க எல்லாரும் ஒரே கவுன்டருக்குப் போங்க"ன்னு ஒருத்தர் விதி போடுறார். பைக்ல வந்த ரெண்டு பேர் ஒரு கவுன்டர், ஆட்டோவுல வந்த நாலு பேர் இன்னொண்ணு. அப்போ அரக்கோணம் லோக்கல் வந்து நிக்குது. இறங்கின நூத்துக்கணக்கான பேரும் ரெண்டாவது கவுன்டர்ல. விதிப்படி பார்த்தா தப்பே இல்லை, ஆனா ரெண்டாவது கவுன்டர் காலி!

ஐபி ஹாஷ் முறை இதேதான். பயனரோட ஐபி முகவரியை வச்சு "நீ இந்த சர்வருக்கு"ன்னு அனுப்பும். லாகின் செஷனை சர்வர் மெமரியிலேயே வச்சிருக்கிறவங்க, அதே ஆள் அதே சர்வருக்குத் திரும்பி வரணும்னு இதைப் போடுவாங்க. என்ஜின்எக்ஸ்-ல இருக்கிற ஐபி ஹாஷ் இன்னும் ஒரு படி மேல. ஐபிவி4 முகவரியோட முதல் மூணு பகுதிகளை மட்டும்தான் பார்க்கும். அதாவது கடைசி எண் மட்டும் மாறுற 256 முகவரிகளும் ஒரே சர்வருக்குத்தான் போகும். ஒரே ஆபீஸ் வைஃபையில உட்கார்ந்து டெஸ்ட் பண்ணிட்டு "எல்லாமே ஒரே சர்வருக்குப் போகுதே"ன்னு பதறுறதுக்கும் இதுதான் காரணம்.

சரி, இந்த ரயில் நிஜத்துல எது? மொபைல் நெட்வொர்க். ஐபிவி4-ல மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். ஆசிய பசிபிக் பகுதிக்கு அதைப் பங்கிடுற ஏப்நிக் அமைப்பு, 2011 ஏப்ரல் 15-லேயே கடைசித் தொகுதிக்கு வந்துடுச்சு. அதனால மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான போன்களை ஒரு சில பொது முகவரிகளுக்குப் பின்னாடி வைக்குது. இதுக்குப் பேர் கேரியர் கிரேட் நாட்.

இப்போ ஒரு காலேஜ் அட்மிஷன் தளம், விண்ணப்பிக்கக் கடைசி நாள்னு நினைச்சுக்கோங்க. தனி ஐபி இருக்கிற ஆபீஸ் லைன்ல இருந்து வர்றவங்களுக்குப் பக்கம் டக்குனு திறக்குது. திருவாலங்காட்டுல போன் டேட்டாவை மட்டும் நம்பி இருக்கிற பொண்ணுக்கு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. உங்க டாஷ்போர்டுல நாலு சர்வரோட சராசரி 37.5 சதவீதம். அலாரம் அடிக்கவே அடிக்காது. ஐபி வாரியா ரேட் லிமிட் வேற போட்டிருந்தா, அந்தப் பொண்ணு முதல் தடவை கிளிக் பண்ணும்போதே 429 பிழை வரலாம்.

கண்டுபிடிச்சு சரி பண்றது

ஆக்சஸ் லாக்ல ஐபி பத்தியை மட்டும் பிரிச்சு எண்ணுங்க. மேல இருக்கிற பத்து முகவரிகளே பெரும்பங்கு வச்சிருந்தா, ரயிலைப் பிடிச்சிட்டீங்க. முன்னாடி சிடிஎன் இருந்தா கவனம்: லாக்ல தெரியிறது சிடிஎன்னோட முகவரியா இருக்கலாம். ஹாஷும் அதை வச்சே நடக்கலாம்.

நிரந்தரத் தீர்வு, செஷனை ரெடிஸ் மாதிரி ஒரு பொது இடத்துக்கு மாத்துறது. அப்புறம் யார் எந்த சர்வருக்குப் போனாலும் கவலையில்லை, ஐபி ஹாஷை எடுத்துடலாம். தளத்துக்கு ஐபிவி6 திறந்து விடுறதும் பெரிய உதவி. ஜியோ மாதிரி நெட்வொர்க்ல போன்களுக்கு ஐபிவி6 முகவரி இருக்கு. என்ஜின்எக்ஸ் அதை முழுசா எடுத்து ஹாஷ் பண்ணும். கூட்டம் தானா பிரியும்.

இன்னும் மூணு சந்தேகங்கள்

ஒண்ணு, ஸ்டிக்கி குக்கி. ஏடபிள்யூஎஸ் அப்ளிகேஷன் லோட் பேலன்சர்ல இதை ஆன் பண்ணினா ஆயுள் இயல்பா ஒரு நாள். புதுசா சர்வர் சேர்த்தாலும் பழைய ஆட்கள் பழைய இடத்துக்கே போவாங்க.

ரெண்டு, ஸோன். ஒரு ஸோன்ல 2 சர்வர், இன்னொண்ணுல 8. நெட்வொர்க் லோட் பேலன்சர்ல கிராஸ் ஸோன் வசதி இயல்பா ஆஃப்ல இருக்கும். ஸோனுக்குப் பாதின்னு பிரிஞ்சா, அந்த ரெண்டும் தலா 25 சதவீதம் சுமக்கும், எட்டும் தலா 6.25.

மூணாவதுதான் ஆபத்து. ஒரு சர்வருக்கு டேட்டாபேஸ் தொடர்பு அறுந்து, நொடியில 500 பிழை கொடுக்குது. லீஸ்ட் கனெக்‌ஷன் முறை "இவன் எப்பவும் ஃப்ரீயா இருக்கானே"ன்னு இன்னும் நிறைய பேரை அங்கேயே தள்ளும். ஹெல்த் செக், சும்மா 200 திருப்பித் தராம டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்கணும். ஆனா டேட்டாபேஸே விழுந்தா நாலு சர்வரும் ஒண்ணா வெளியே போகும், அதையும் யோசிச்சு வைங்க.

நாளைக்கே ஒண்ணு பண்ணுங்க. டாஷ்போர்டுல சராசரிக்குப் பக்கத்துலயே, அதிகமா சூடான சர்வரோட எண்ணையும் போடுங்க. அலாரத்தை அதுக்கு வைங்க. காத்துக்கிட்டு இருக்கிறவங்க அந்த எண்ணுக்குப் பின்னாடிதான் இருக்காங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!