தட்டின் ஒலியும் எண்ணின் ஒலியும்

பம்பாயின் தேவ்நார், செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கு இன்னும் தீராமல் இருந்து வருகிறது. ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-இல் இசைத்தட்டாக வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் அலமாரியில் கறுப்புத் தட்டாகவும் இருக்கிறது. பேரனுடைய கைப்பேசியிலும் இருக்கிறது. தட்டில்தான் உயிர் உண்டு என்பார் தாத்தா. இரைச்சல்தான் உண்டு என்பான் பேரன். இருவரில் யார் கட்சி வலியது என்று சற்றே ஆராய்வோம்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. இசைத்தட்டில் அவ்வதிர்வின் வடிவமே பள்ளமாக வெட்டப்படுகிறது. ஊசி அப்பள்ளத்தின் வளைவுகளில் ஆடும்போது அதிர்வு மின்னோட்டமாக மீள்கிறது. காந்த நாடாவிலோ அது காந்த வலிவின் ஏற்றத்தாழ்வாகப் பதிகிறது. இவ்வாறு மூலத்தை ஒத்த வடிவைத் தொடர்ச்சியாக வரைந்து வைப்பதே அனலாக் முறை. டிஜிட்டல் முறையில் வரைவதில்லை. அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், வினாடிக்கு 44,100 முறை அளவெடுத்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிப்பர்.

"இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ளது போய்விடுமே, கமகம் படிக்கட்டாகிவிடுமே!" என்பாருண்டு. ஐயம் நியாயமானதே, ஆயினும் கணிதம் வேறு விடை கூறுகிறது. ஓர் ஒலியின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்துவிட்டால், அந்த அலையைப் படியில்லாமல் மீண்டும் வரைந்துவிடலாம். மனிதச் செவிக்கு எட்டுவதோ வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையில்தான்; வயதாக ஆக அதுவும் குறையும். தோடியின் காந்தாரம் வினாடிக்குச் சில முறையே அசைகிறது. ஓர் அசைவுக்கு ஆயிரக்கணக்கான அளவுகள் கிடைக்கின்றன.

உண்மையில் சுருதிக்கு ஆபத்து தட்டின் சுழற்சியில் இருக்கிறது. நடுத்துளை இம்மியளவு விலகியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கும். தம்புராவின் நீண்ட நாதத்தில் இது ஒளிந்துகொள்ள இடமில்லை. தட்டு 6 சதவீதம் விரைந்து சுழன்றால் பாடகரின் சுருதி அரைக்கட்டை உயர்ந்துவிடும். 78 சுற்றுத் தட்டு என்று வழங்கும் மிகப் பழைய தட்டுகள் பலவும் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. அவற்றை வைத்து அக்கால வித்துவான்களின் சுருதியைத் தீர்மானிப்போர் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. மேலும், ஊசி நடுவை நெருங்க நெருங்க அதன் கீழே பள்ளம் ஓடும் வேகம் பாதிக்கும் கீழாகக் குறைகிறது. ஆகையால் அங்கே பதிந்த தனியாவர்த்தனத்தில் மிருதங்கச் சொற்களின் கூர்மை சிறிது மழுங்கும்.

அப்படியானால் தாத்தாவின் காது பொய் சொல்கிறதா? இல்லை. பழைய நாடாவை எண்முறைக்கு மாற்றும்போது, இரைச்சலை நீக்குவதாக எண்ணித் தம்புராவின் ஜீவாளியையும் சேர்த்து வடிகட்டிவிடுவோர் உண்டு. சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டுமென்று மெல்லொலியையும் வல்லொலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவோரும் உண்டு. அளவுக்கு மீறிச் சுருக்கிய கோப்பை விரலளவு ஒலிபெருக்கியில் கேட்டால் தொப்பியின் நாதம் எங்கிருந்து வரும்? குறை எண்முறையினுடையது அன்று, கையாண்டவர்களுடையது என்பதே நம் கருத்து. தட்டு தரும் இதமும் மெய்தான். ஆனால் அதில் ஒரு பங்கு, தட்டு தானாகச் சேர்க்கும் மெல்லிய திரிபு.

நமக்குக் கவலை தருவது வேறொன்று. கடையில் கிடைக்கும் இசைக்குப் பிரதிகள் பல உண்டு. கலியாணக் கச்சேரி, பாட்டியின் நலங்குப் பாட்டு, ஊர்விட்டு வந்த ஆண்டில் பதிந்த தந்தையின் குரல் ஆகியவற்றுக்கோ ஒரே நாடாதான். பம்பாயின் மழைக்கால ஈரத்தில் நாடா பூசணம் பிடிக்கும். பசை இளகி ஒட்டிக்கொள்ளும். தேவ்நாரை அடுத்துச் செம்பூரிலிருந்த ஆர். கே. ஸ்டூடியோவில் 2017-இல் மூண்ட தீயில் பழைய படங்களின் உடைகளும் நினைவுப் பொருள்களும் எரிந்துபோயின. உடைக்குப் பிரதி கிடையாது, ஒலிக்கு உண்டு. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். எண்ணைப் பிழையின்றிப் பிரதி எடுத்தால் நூறாவது பிரதியும் முதலதே.

பூசணம் கண்ட நாடாவை ஓட்டிப் பார்க்கலாகாது. துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் தருக. சுருக்காத கோப்பாகவே மாற்றச் சொல்லி, ஒரு பிரதியை வீட்டிலும் மற்றொன்றை ஊரிலுள்ள உறவினரிடமும் வைத்திடுக. இரைச்சலைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம். மூல நாடாவை எறிந்துவிட வேண்டா.