பத்தியம் என்பது பட்டினியன்று



மருந்து பாதி, பத்தியம் பாதி என்று கருதி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். ஆயின், பத்தியம் என்றவுடன் எதை நிறுத்துவது என்றே நாம் எண்ணப் பழகிவிட்டோம். சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதியவருக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது என்று விலக்கி, கஞ்சியும் இரசமும் மாத்திரம் கொடுக்கும் இல்லங்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் உள. புண் ஆறுவதற்கும், படுக்கையிற் கரைந்த தசை மீள்வதற்கும் புரதம் வேண்டும். அது குறைந்தால், மருந்து தன் வேலையைச் செய்தும் உடல் தேறத் தாமதமாகும்.

உணவியல் நிபுணரின் பணி இங்கேதான் தொடங்குகின்றது. அவர் மருத்துவருக்கு மாற்றானவர் அல்லர். மருத்துவர் கண்ட நோய்க்கு ஏற்ப உணவை வகுத்துத் தருபவர். ஒருவருக்கு நலந்தரும் உணவே மற்றொருவருக்குத் தீங்காதல் கூடும். இளநீர் பலருக்கு நல்ல பானம். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கோ, அதிலுள்ள பொற்றாசியம் குருதியில் மிகுந்து இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். ஆதலால், அயல்வீட்டார்க்கு எழுதிய உணவுமுறையை நாம் இரவல் வாங்கலாகாது.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். மருத்துவம் மக்கள் மொழியிற் பேசவேண்டும் என்பது அவர் பணி உணர்த்தும் பாடம். உணவு ஆலோசனையோ நம் அடுக்களையின் மொழியிலும் பேசவேண்டும். எத்தனை சுண்டு அரிசி, எத்தனை அகப்பை சோறு, என்ன கறி என்று சொன்னாலன்றோ சமைப்பவர்க்கு விளங்கும்?

அதற்கு நாம் செய்யவேண்டியது, உள்ளதை உள்ளபடி சொல்வதாகும். உண்டதையும் குடித்ததையும் மூன்று நாட்களுக்கு எழுதிக்கொண்டு செல்லுங்கள். தேநீரிலிட்ட சீனி, சோற்றோடு உண்ட கருவாடு, இடையிற் கடித்த பனங்கட்டி யாவும் அதில் இருத்தல் வேண்டும். பனங்கட்டி நம் மண்ணின் பொருளெனினும் நீரிழிவுக்காரர்க்கு அதுவும் வெல்லமே. ஒடியல் மாவும் மாச்சத்தே.

விரதங்களையும் மறையாது கூறுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் தவிர்ப்போர் பலர். மீன் தந்த புரதத்துக்கு ஈடாகப் பயறு, உழுந்து, கடலை, பால் ஆகியவற்றுள் எவற்றை எவ்வளவு சேர்ப்பதென்று நிபுணர் வகுத்துத் தருவார். கந்தசஷ்டியில் உபவாசம் இருப்பவர் இன்சுலின் போடுபவராயின், மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் இன்றியமையாதது. உணவின்றி வழமையான அளவு மருந்தை ஏற்றினால், குருதியிலுள்ள வெல்லம் தாழ்ந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம்.

நோயாளியோடு, வீட்டிற் சமைப்பவரும் ஆலோசனைக்குச் செல்லுதல் நன்று. சொன்னவற்றுள் கைக்கு எட்டாதது எது, விலை மிகுந்தது எது, நாவுக்கு ஒவ்வாதது எது என்பதை அங்கேயே கூறிவிடுங்கள். நிபுணர் அதனை மாற்றித் தருவார். தலையசைத்துவிட்டு வந்து கைவிடுவதிலும், கேட்டு மாற்றிக்கொண்டு கடைப்பிடிப்பதே மேல். பின்னர், குறித்த நாளில் மீண்டும் சென்று உடல் நிறையைக் காட்டுங்கள். நிறை குறைந்துகொண்டே போனால், உணவுமுறையை மாற்றும் வேளை வந்துவிட்டது என்பது பொருள்.