ஏரித் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு பங்கு?



"ஏரி பாசனத்துக்குத்தானே வெட்டினாங்க? அந்தத் தண்ணீ டவுனுக்கு எப்படிப் போகுது?" என்று குழுக் கூட்டங்களில் நம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

ஏரியை ஒரு பெரிய அண்டாவாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் வண்டல். மதகு மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. அதற்கு மேலே கலங்கல் மட்டம் வரை உள்ள இடத்தைத்தான் பங்கு பிரிக்க முடியும். நகரக் குடிநீருக்குப் பங்கு ஒதுக்க மூன்று வழிகள் உண்டு.

1. தூர் வாரியோ கரையை உயர்த்தியோ கொள்ளளவைக் கூட்டுவது.
2. வேறு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்புவது.
3. பாசனத்துக்கு உள்ள பங்கைக் குறைப்பது.

மூன்றாவது வழியில் அண்டாவும் அதேதான், தண்ணீரும் அதேதான். ஒருத்தர் குடம் பெரிசானால் இன்னொருத்தர் குடம் சின்னதாகிவிடும்.

செம்பரம்பாக்கம் சொல்லும் பாடம்

நம் மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரி பாசனத்துக்காக ஏற்பட்டது. இன்று அது சென்னைக்குக் குடிநீர் தரும் முக்கிய ஏரி. முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10,300 கோடி லிட்டர். 1983-ல் ஆந்திராவுடன் செய்த ஒப்பந்தப்படி 1996-ல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. அங்கிருந்து கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் வருகிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007-ல் இங்கே திறக்கப்பட்டது. வேறு வரத்தே இல்லாமல் தினமும் இவ்வளவு எடுத்தால், நிரம்பிய ஏரியும் ஆறரை மாதத்தில் தீர்ந்துவிடும். 2019 கோடையில் இந்த ஏரி வறண்டே போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குடிநீருக்காக ஏரியை நிரப்பி வைக்க வேண்டும். வெள்ளம் வந்தால் தாங்குவதற்குக் காலி இடமும் விட வேண்டும். 2015 டிசம்பரில் பெருமழை பெய்து, இங்கிருந்து உபரி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டபோது இது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்தும் 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது. திட்ட அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். அதே ஏரியை நம்பித்தான் அங்கே விவசாயமும் நடக்கிறது.

இதில் நமக்கு என்ன?

தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2002 தேசிய நீர்க் கொள்கையும் குடிநீருக்கே முதலிடம் தந்தது. ஆனால் இரண்டாம் போகம் நின்றால் யாருக்கு நஷ்டம்? நிலம் உள்ளவருக்கு விளைச்சல் போகும். நமக்கோ நடவுக் கூலி, களை பறிக்கும் கூலி, அறுப்புக் கூலி எல்லாம் போகும். கூலி போனால் சந்தா நிற்கும், கடன் தவணை தவறும். நிலம் உள்ளவர் நஷ்ட ஈடு கேட்கலாம். கூலிக்காரப் பெண் எதைக் காட்டிக் கேட்பாள்?

2000-ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி, ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர்கள். சுமார் 1,100 வருடங்களுக்கு முன் நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லியிருக்கும் ஏரி வாரியத்திலும் 6 பேர்; அவர்களும் நிலம் உள்ள ஆண்கள்தான். அன்றைக்கு நம்மைக் கேட்கவில்லை. இன்றைக்குக் கிராம சபை இருக்கிறது. நிலம் இல்லாவிட்டாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அங்கே பேசலாம்.

நம் ஊர் ஏரியைப் பற்றி நாளை இப்படி ஒரு பேச்சு வந்தால் கேட்க வேண்டியவை:

- தினமும் எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? எந்த மாதம் வரை?
- ஏரியில் எத்தனை அடிக்குக் கீழே இறங்கினால் எடுப்பதை நிறுத்துவார்கள்?
- எடுக்கும் தண்ணீருக்கு ஈடாக ஏரியைத் தூர் வாருவார்களா?
- வழியில் உள்ள நம் தெருக் குழாய்க்கும் பங்கு உண்டா?
- வேலை இழக்கும் கூலிப் பெண்களுக்கு என்ன ஏற்பாடு?

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன் உங்கள் குழுவில் இந்தக் கேள்விகளை வாசித்துப் பேசுங்கள். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, குழுவாகவே போங்கள். ஒருத்தி கேட்டால் அது குறை. இருபது பேர் கேட்டால் அது தீர்மானம்.