உறைந்த கடலின் தடிமனை வானிலிருந்து அளப்பது எவ்வாறு?

பூமியின் வட முனையைச் சூழ்ந்துள்ள ஆர்க்டிக் கடல், ஆண்டு முழுவதும் பனிக்கட்டியைச் சுமந்துகொண்டிருக்கும் கடலாகும். மார்ச் மாதத்தில் அப்பனி ஏறத்தாழ 150 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிகிறது. செப்டம்பரில் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. சபா, சரவாக் உட்பட நம் மலேசியா முழுவதுமே 3 இலட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைவிற்கொண்டால் அதன் விரிவு ஒருவாறு புலப்படும். குளிர்காலத்தில் அங்குப் பல வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. கோடையிலோ மேகம் மூடிக்கொள்ளும். இத்தகைய இடத்தைச் சாதாரணப் புகைப்படக் கருவியால் ஆண்டு முழுவதும் கண்காணிக்க இயலாது.

இத்தடையைக் கடக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. எல்லாப் பொருள்களும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளை ஓயாமல் வெளியிடுகின்றன. கடல்நீர் இவற்றைக் குறைவாகவும், கடற்பனி மிகுதியாகவும் வெளியிடும். இருளோ மேகமோ இவற்றைப் பெரிதாகத் தடுப்பதில்லை. 1972ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா ஏவிய நிம்பஸ்-5 துணைக்கோளம் இவ்வலைகளைப் பதிவு செய்து பனியையும் நீரையும் பிரித்துக் காட்டியது. தென் துருவத்தின் வெட்டல் கடலில், 1974 முதல் 1976 வரை மூன்று குளிர்காலங்களிலும், பனியின் நடுவே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு நீர் உறையாமல் திறந்து கிடந்ததையும் அதுவே கண்டுபிடித்தது. கடுங்குளிரில் ஏன் அவ்விடம் மட்டும் உறையவில்லை என்ற கேள்வி நெடுங்காலம் ஆய்வாளர்களை விடவில்லை.

1978 அக்டோபரில் நிம்பஸ்-7 ஏவப்பட்டது முதல், இப்பதிவுகளைத் துணைக்கோளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து எடுத்து வந்துள்ளன. 1981க்கும் 2010க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆர்க்டிக் பனியின் செப்டம்பர் மாதச் சிற்றளவு சராசரியாக 62 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2012இல் அது சுமார் 34 இலட்சமாக வீழ்ந்தது. எட்டு மலேசியாக்களுக்குச் சமமான பனிப்பரப்பு அவ்வாண்டு காணப்படவில்லை என்று பொருள்.

ஆயினும் பரப்பை மட்டும் அறிந்தால் போதாது. பாயும் பலகையும் ஒரே அளவு தரையை மறைக்கலாம். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடா. பனியின்மீது நடந்து வேட்டைக்குச் செல்லும் இனுயிட் மக்களுக்கு அது எத்துணைத் தடிப்பானது என்பது உயிர்ப் பிரச்சினை. முற்காலத்தில் இதனை ஓரளவு அறிந்தவை, பனிக்கு அடியில் ஓடிய போர் நீர்மூழ்கிக் கப்பல்களே. 1958 ஆகஸ்டில் நாட்டிலஸ் என்னும் அமெரிக்க நீர்மூழ்கி வட துருவத்தின் அடியாகவே சென்றது. ஆனால் நீர்மூழ்கிகள் எடுத்த அளவுகள் நெடுங்காலம் இராணுவ இரகசியமாகவே இருந்தன.

சரி, 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பனியின் தடிமனை எப்படி அளப்பது? தோட்டத்தில் பால் அளக்கும் இடத்தில், பாலில் மிதக்கவிடும் கருவியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கருவி எவ்வளவு மூழ்குகிறது, எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் கொண்டு பாலிலுள்ள ரப்பரைக் கணிக்கிறோம் அல்லவா? கடற்பனியும் மிதப்பதுதான். அதன் தடிமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். மேலே தெரியும் உயரத்தை அளந்துவிட்டால் முழுத் தடிமனையும் கணக்கிட்டுவிடலாம்.

இதற்கென்றே ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் கிரையோசாட் என்னும் துணைக்கோளத்தைச் செய்தது. 2005 அக்டோபர் 8ஆம் நாள் அது ஏவப்பட்டபோது, ராக்கெட்டின் கட்டளைகளில் இருந்த குறையால் இரண்டாம் அடுக்கின் எஞ்சின் உரிய நேரத்தில் நிற்கவில்லை. துணைக்கோளம், தான் ஆராய வேண்டிய அதே ஆர்க்டிக் கடலிலேயே விழுந்து மூழ்கியது! ஆய்வாளர்கள் மனந்தளராது மீண்டும் ஒன்றைக் கட்டினர். 2010 ஏப்ரல் 8ஆம் நாள் விண்ணேறிய கிரையோசாட்-2, மூன்றாண்டுப் பணிக்கெனத் திட்டமிடப்பட்டிருந்தும் பத்தாண்டுகளுக்கு மேலாக உழைத்தது.

நெற்றி விளக்கின் ஒளியில் இருட்டிலேயே மரம் சீவுவோரைப் போல, இதுவும் தனக்கு வேண்டிய கதிரைத் தானே வீசுகிறது. ரேடார் அலை பனியில் பட்டுத் திரும்பும் நேரம் பனியின் உயரத்தையும், பனிப்பிளவுகளில் தெரியும் நீரில் பட்டுத் திரும்பும் நேரம் கடல் மட்டத்தையும் தருகின்றன. இரண்டின் வேறுபாடு பெரும்பாலும் சில பத்து சென்டிமீட்டரே. இதில் ஒரு சென்டிமீட்டர் பிழைத்தால் தடிமன் கணக்கில் பத்து சென்டிமீட்டர் பிழைத்துவிடும். வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டே இவ்வளவு நுட்பமாக அளப்பதை அருஞ்செயல் என்றே கூறவேண்டும்.

பனிக்கட்டியின்மேல் படிந்துள்ள தூவிப்பனி இன்னொரு தொல்லை. அதன் எடை பனிக்கட்டியை நீருக்குள் அழுத்துகிறது. 2018இல் அமெரிக்கா ஏவிய ஐஸ்சாட்-2இன் லேசர் ஒளி தூவிப்பனியின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். ரேடார் அலையோ பெரும்பாலும் அதனை ஊடுருவி உள்ளே செல்லும். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் தூவிப்பனியின் ஆழம் கிடைக்கும் என்று கண்டு, 2020இல் கிரையோசாட்-2இன் பாதையைச் சுமார் 900 மீட்டர் உயர்த்தி, இரண்டும் அவ்வப்போது ஒரே தடத்தில் செல்லுமாறு செய்தனர். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீர், திறந்த கடல்போலத் தோன்றி ரேடாரை ஏமாற்றிவந்தது. 2022ஆம் ஆண்டில்தான் இதற்கும் தீர்வு கண்டு, கோடைகாலத் தடிமனை வெளியிட்டனர்.

பனித்துண்டுகள் நகர்வதைத் துணைக்கோளப் படங்களில் தொடர்ந்து பார்த்து அவற்றின் வயதையும் கணிக்கலாம். 1980களில், குளிர்கால ஆர்க்டிக் பனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முதிர்ந்த, தடித்த பனியாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. ஏற்கெனவே மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்துவிடாது. அதனை உயர்த்துவது கிரீன்லாந்து போன்ற நிலங்களின்மேல் உள்ள பனியே. ஆனால் வெண்பனி திருப்பியனுப்பும் வெயிலைக் கருங்கடல் விழுங்கிக்கொள்வதால் வெப்பம் மேலும் கூடுகிறது.

பனிக்கு அடியிலுள்ள நீரை மட்டும் எந்தத் துணைக்கோளத்தாலும் நேரே காண இயலாது. அங்கே ஆய்வாளர்கள் யானைக் கடல்நாய்களின் உதவியை நாடினர். தலையின் உரோமத்தில் ஒட்டப்படும் சிறு கருவி, அவை பல நூறு மீட்டர் ஆழம் மூழ்கும்போது நீரின் வெப்பத்தையும் உப்பையும் பதிவு செய்யும். மூச்சுவிட மேலே வரும்போது அவற்றைத் துணைக்கோளத்துக்கு அனுப்பும். ஆண்டுக்கொரு முறை உரோமம் உதிர்கையில் கருவியும் உதிர்ந்துவிடும். வெட்டல் கடலில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் முன்போலவே, ஆயினும் சிறிய அளவில், பனி திறந்துகொண்டபோது, கடல்நாய்களும் மிதவைக் கருவிகளும் அளித்த பதிவுகளே காரணத்தைக் காட்டின: மேல்நீரில் உப்பு மிகுந்திருந்த வேளையில் கடும்புயல்கள் வீசிக் கடலைக் கலக்கவே, ஆழத்திலிருந்த வெதுவெதுப்பான நீர் மேலேறிப் பனியை உருக்கியது.