குற்றச்சாட்டும் குற்றப்பதிவும்: சிங்கப்பூர்ச் சட்டத்தில் அடிதடி வழக்குகள்

குற்றச்சாட்டு, குற்றத்தீர்ப்பு, குற்றப்பதிவு ஆகிய மூன்றும் 'குற்றம்' என்னும் ஒரே சொல்லில் தொடங்குவதாலோ என்னவோ, நம் பேச்சில் அவை ஒன்றாகவே மயங்குகின்றன. கைகலப்பில் சிக்கிய மாணவன்மீது குற்றஞ்சாட்டப்பட்டதுமே, அவன் வாழ்வில் அழியாக் கறை படிந்துவிட்டதாகப் பெற்றோர் முடிவுகட்டுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு, வேண்டுமென்றே காயம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. உடல்வலி உண்டாக்கினாலே போதும், இரத்தம் சிந்தவேண்டுவதில்லை. 2020 முதல் இதற்கு மூன்றாண்டு வரையிலான சிறை, 5,000 வெள்ளி வரையிலான அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எனினும், குற்றவாளி எனத் தீர்ப்பாகாதவரை அது குற்றப்பதிவு ஆகாது. காவல்துறையின் கடும் எச்சரிக்கையும் தீர்ப்பன்று; அதற்குச் சட்டவலு இல்லை என 2015இல் உயர் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. அரசுத் தரப்பின் இசைவோடு, காயமுற்றவர் சமரசத்திற்கு உடன்படின் வழக்கு விடுதலையில் முடியும். நன்னடத்தைக் கண்காணிப்பு ஆணையும் பொதுவாகக் குற்றத்தீர்ப்பாகக் கொள்ளப்படுவதில்லை.

தீர்ப்பு வந்தபின் என்னவாகும் என்பதே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது. குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் 2005இல் புகுத்தப்பட்ட ஏற்பாட்டின்படி, சில பதிவுகள் தாமாகவே காலாவதியாகின்றன. சிறைத்தண்டனை மூன்று மாதத்தையோ அபராதம் 2,000 வெள்ளியையோ தாண்டியிருக்கக்கூடாது. வேறு தீர்ப்போ முன்னரே காலாவதியான பதிவோ இருத்தலாகாது. தண்டனை நாளிலிருந்து, சிறை சென்றிருப்பின் விடுதலையான நாளிலிருந்து, தொடர்ந்து ஐந்தாண்டுகள் குற்றமின்றிக் கழியவேண்டும். கொடுங்குற்றங்கள் சிலவற்றுக்கு இச்சலுகை இல்லை. காலாவதியானபின், குற்றப்பதிவு உண்டா என வினவப்படின் 'இல்லை' என விடையளிக்கச் சட்டமே இடந்தருகிறது. ஆனால் 'காலாவதி' என்பது 'அழிப்பு' அன்று. காவல்துறையின் ஏடுகளில் அப்பதிவு நீடிக்கும். சட்டம் விலக்களித்துள்ள சில பதவிகளுக்கும் அது கருதப்படும்.

இவ்விடத்தில்தான் நல்லெண்ணத்தோடு கூறப்படும் ஓர் அறிவுரை தீங்காகிறது. "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடு, விரைவில் முடிந்துவிடும்" என்பார் பலர். ஆசிரியர்களும் அவருள் அடக்கம். 2,000 வெள்ளி அபராதம் பெற்றவனின் பதிவு ஐந்தாண்டில் காலாவதியாகலாம். 2,500 பெற்றவனுடையது தானாகக் காலாவதியாகாது, காவல்துறை ஆணையரிடம் விண்ணப்பிக்கவேண்டும். வழக்கறிஞரைக் காணுமுன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மாணவனுக்கு இவ்வேறுபாட்டை எடுத்துக்கூற எவரும் அருகிலிருப்பதில்லை.