சிற்பத்தின் முன் கூடிய சமயங்கள்

பொருட்காட்சிசாலையின் கண்ணாடிப் பேழைக்குள் வந்து சேர்ந்த ஒரு விக்கிரகத்தை, அதன் காலம், உலோகம், கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்துவிட்டால் அறிந்துகொண்டதாகிவிடும் என்று பலரும் கருதியிருந்த நாளில், அதை வடித்தவனும் வணங்கியவனும் எந்தப் பாவனையோடு அதன் முன் நின்றார்கள் என்ற கேள்வியை விடாமல் எழுப்பியவர், 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அதற்கு விடை தேடுகையில் அவர் தம் மரபினரை மட்டும் துணைகொள்ளவில்லை.

அயர்லாந்தில் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து விவேகானந்தரின் சிஷ்யையான நிவேதிதை, இந்து பௌத்த புராணக் கதைகளைத் தொகுக்கத் தொடங்கி, அது முடியுமுன்னே 1911இல் காலமானார். எஞ்சிய பகுதியைக் குமாரசுவாமி நிறைவுசெய்ய, ஓவியர் அபனீந்திரநாத் தாகூரின் மேற்பார்வையில் எழுதிய சித்திரங்களோடு நூல் 1913இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் தொகுத்த நூறு இந்தியச் சிற்பப் படங்களுக்கு முன்னுரை வரைந்தவர், அப்போதுதான் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்த ஆங்கிலச் சிற்பி எரிக் கில்.

இந்தக் கூட்டுறவின் கனிந்த பயனை, பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் 1917 முதல் பணியாற்றிய காலத்தில், 1934இல் அவர் வெளியிட்ட கலைத்தத்துவ நூலில் காணலாம். சில்பி முதலில் தியானத்தில் மூர்த்தியைத் தரிசித்து, அதனோடு ஒன்றிய பின்னரே உளியை எடுக்க வேண்டும் என்னும் நம் சில்ப சாஸ்திரக் கொள்கையை, ஜெர்மனியில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த டொமினிக்கத் துறவி எக்கார்ட்டின் உபதேசங்களோடு வைத்து அவர் ஆராய்ந்தபோது, கலைஞன் தான் படைக்கும் பொருளாகவே ஆகிவிட வேண்டும் என்ற கருத்து இரு மரபிலும் வேரூன்றியிருப்பது புலனாயிற்று. கல்கத்தாவின் காளிகட்டக் கோயிலையோ பிரான்சின் சார்த்ரு தேவாலயத்தையோ வெறும் அலங்காரமாகப் பார்க்கும் வழக்கத்துக்கு இதைவிட வலிய மறுப்பை நான் அறியேன்.

ஆனால், ஒற்றுமையைக் காட்டும் ஆர்வத்தில் அவர் சில வேற்றுமைகளை விரைந்து கடந்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம். சிலுவையில் வருந்தும் திருமேனியும் ஆனந்தத் தாண்டவ மூர்த்தியும் பக்தனின் உள்ளத்தில் ஒரே உணர்ச்சியை எழுப்புவனவல்ல; அந்தப் பேதத்தை ஆராய ஆகமம் பயின்றவரும் கத்தோலிக்க இறையியல் பயின்றவரும் ஒரே சபையில் அமர்ந்தாக வேண்டும். அத்தகைய உரையாடலுக்கு வேண்டிய பொதுவான பரிபாஷையை அமைத்துக் கொடுத்ததே குமாரசுவாமியின் பெருந்தொண்டு.